கீபோர்டில் கை வைக்காதே

பிரேசர் டவுனில் மாஸ்க் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் டாக்டர் ரங்கநாதனின் ரத்தப் பரிசோதனை லேப் இருந்தது. பாமாவுக்கு அங்கே பெயருக்குத்தான் ரிசப்ஷன் வேலை. காலையில் ஷட்டரைத் தூக்குவதில் தொடங்கி, வருகிறவர்களின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சாயங்காலம் ரிப்போர்ட்டை அச்செடுத்து உறையில் போட்டுக் கொடுப்பது வரை எல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் மானிட்டரில் படம் நடுவில் சுருங்கிக் கோடாகி, கருகின நாற்றத்தோடு அணைந்துபோனது. டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. அவர் மகள் தர்ஷினிக்குப் புது மானிட்டர் வாங்கியாகிவிட்டது, பழையது வீட்டில் சும்மாதான் கிடக்கிறது என்றார். மறுநாள் காலை வாட்ச்மேன் கிருஷ்ணப்பா அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார். பாமா வயர்களை மாட்டி சுவிட்சைப் போட்டாள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கறுப்புத் திரையில் மூலையில் பென்குவின் உட்கார்ந்திருக்க, வெள்ளை எழுத்துகள் வழக்கம்போல் கடகடவென்று மேலே ஓடின. அந்த லேப்பில் இருந்தது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். வைரஸ் தொல்லை இருக்காது என்று சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்த ரெமிஜியஸ் போட்டது. எழுத்துகள் ஓடி முடிந்து, பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிற நீலத் திரை வர வேண்டிய நேரத்தில் மானிட்டர் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான், இருட்டு. அந்த இருட்டுக்கு நடுவில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று ஒரு சின்னப் பெட்டி மிதந்தது.

அவள் அணைத்துப் போட்டாள். வயரைப் பிடுங்கி மாட்டினாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் இருட்டாயிற்று. அதுதான் அவளை உறுத்தியது. மானிட்டர் கெட்டுப்போயிருந்தால் ஆரம்பத்திலிருந்தே எதுவும் தெரியக்கூடாது. எழுத்து ஓடும்போது பளிச்சென்று தெரிகிற திரை, பாஸ்வேர்டு கேட்க வேண்டிய நேரத்தில் மட்டும் எப்படிச் செத்துப்போகும்? யாரோ உள்ளே உட்கார்ந்து, ஆள் வாசலுக்கு வருகிற நேரம் பார்த்துக் கதவைச் சாத்துவது போல இருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். வீட்டுக்குப் போன் செய்து மகளிடம் கேட்டார். போன வாரம் வரைக்கும் நன்றாக ஓடியதாக தர்ஷினி சொன்னாள்.

"அப்போ மானிட்டர்ல ஒண்ணுமில்ல," என்றார் டாக்டர், போனை வைத்துவிட்டு. "அவன் போய் எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார்.

யார் என்று பாமா கேட்கவில்லை. அவள் மனசிலும் அதே பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ரெமிஜியஸ் அதே பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். தமிழும் கன்னடமும் அவன் வாயில் மாறி மாறி வரும். பாமாவை அக்கா என்றுதான் கூப்பிடுவான். மதியம் அவள் டப்பாவிலிருந்து கேட்காமலே ஒரு கை எடுத்துக்கொள்வான். அப்படிப்பட்டவன் இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் டாக்டர் அறையில் குரலை உயர்த்திப் பேசிவிட்டு, வெளியே வந்து, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான். என்ன சண்டை என்று டாக்டரும் சொல்லவில்லை. நாலாம் நாள், கோல்ஸ் ரோட்டில் புதிதாகத் திறந்த லேப்பில் அவன் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதற்கப்புறம் இங்கே வழக்கமாக வருகிற முகங்கள் சிலவற்றைக் காணோம்.

"போற அன்னிக்கு அவன் ரொம்ப நேரம் மிஷின் முன்னாடி உக்காந்திருந்தான் டாக்டர்," என்றாள் பாமா. "நான் கிட்டப் போனதும் ஏதோ மூடினான்."

சொன்னபிறகு, அது சரியாக ஞாபகம் இருந்துதான் சொன்னோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. டாக்டரின் முகம் இறுகிப்போயிருந்தது.

"வேணும்னே பூட்டிட்டுப் போயிருக்கான். போலீஸ்ல சொன்னா ஓடி வருவான்."

வெளியே பெஞ்சில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தவன் இளங்கோவன். அவனுடைய அம்மா லட்சுமம்மாவுக்கு மறுநாள் காலை ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. இன்று ரிப்போர்ட் போய்ச் சேரவில்லை என்றால் ஆபரேஷன் தள்ளிப்போகும். பரிசோதனை முடிவுகள் இருந்தன, ஆனால் தாளில் வெறும் நம்பர்தான். எந்த நம்பர் யாருடையது என்பது கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும்.

"இன்னொரு தரம் ரத்தம் எடுக்கணும்னு மட்டும் சொல்லாதீங்க மேடம்," என்றான் இளங்கோவன். "அம்மாவுக்கு நரம்பே கிடைக்காது. கையெல்லாம் கன்னிப்போய்க் கெடக்கு."

"கொஞ்சம் இருங்க, வந்துரும்," என்று சொல்லிவிட்டு பாமா உள்ளே போய் ரெமிஜியஸின் செல்லுக்கு அடித்தாள். டாக்டர் பக்கத்திலேயே நின்றார்.

"ரெமி, நான் பாமா பேசறேன். இங்க கம்ப்யூட்டர்..."

"மானிட்டர் மாத்தினீங்களா அக்கா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மானிட்டர் என்ற வார்த்தையையே அவள் இன்னும் சொல்லவில்லை.

"உனக்கெப்படித் தெரியும்?"

"சும்மா ஒரு கெஸ்தான். ஸ்கிரீன் கறுப்பா இருக்கா? நான் வரேன், எதையும் தொடாதீங்க."

எதையும் தொடாதே என்று அவன் சொன்னதைக் கேட்டதும் டாக்டர் கசப்பாகச் சிரித்தார். "பாத்தியா? நாம தொட்டா என்னமோ தெரிஞ்சுடும்னு பயம்."

கோல்ஸ் ரோடு பக்கம்தான். இருந்தாலும் அவ்வளவு சீக்கிரம் அவன் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது பாமாவுக்குப் பிடிக்கவில்லை. கூப்பிடுவார்கள் என்று தயாராகக் காத்திருந்தவன் மாதிரி வந்திருந்தான். ஆள் இளைத்திருந்தான். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்க்காமல் நேராக உள்ளே வந்து, நாற்காலியை இழுத்து உட்காரப் போனான்.

"கீபோர்டுல கை வைக்காதே," என்றார் டாக்டர்.

ரெமிஜியஸ் பாதி குனிந்தபடியே நின்றான்.

"அங்க நின்னு வாயால சொல்லு. பாமா டைப் பண்ணுவா."

அவன் பாமாவைப் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் சுவரோரமாகப் போய், ஸ்டீல் பீரோவில் சாய்ந்து, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டான்.

"ஆயித்து. அப்படியே ஆகட்டும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-ஒன். மூணையும் சேத்து அழுத்துங்க."

அழுத்தினால் என்ன ஆகும்? எல்லாம் அழிந்துபோனால்? அவள் விரல்கள் தயங்கின. டாக்டரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அழுத்தினாள். மறுபடி 'டிக்'. இருட்டு போய், வெள்ளை எழுத்து வந்தது. 'லாகின்' என்று கேட்டு ஒரு கோடு கண்சிமிட்டியது.

"ரூட்னு அடிங்க. பாஸ்வேர்டு டாக்டர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டுத்தான் போனேன்."

டாக்டர் பர்ஸிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். பாமாவின் காதருகில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கிசுகிசுத்தார். அந்தப் பாஸ்வேர்டை வைத்தவனே நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை.

எண்ட்டர் தட்டியதும் திரையில் ஒரு வரி விழுந்தது. கடைசியாக உள்ளே நுழைந்தது எப்போது என்று மிஷின் தானாகச் சொல்கிற வரி. பாமா அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். டாக்டரும் படித்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை," என்றார் மெதுவாக. "போன ஞாயித்துக்கிழமை மத்தியானம். லேப் பூட்டியிருந்தது. நீ வேலையை விட்டு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. யாருப்பா அது?"

ரெமிஜியஸ் தரையைப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"முதல்ல ஸ்கிரீனைச் சரி பண்ணிடலாம் டாக்டர். வெளிய ஜனங்க காத்துட்டு இருக்காங்க."

"எங்க பேஷண்ட் லிஸ்ட்டை எடுத்துட்டுப் போயிருக்கே. அதான் அங்க கூட்டம் கூடுது. பாமா, போனை எடு."

பாமா எழுந்திருக்கவில்லை. இவன் திருடன்தான் என்று அவளுக்கு அப்போது முக்கால்வாசி உறுதியாகிவிட்டிருந்தது. ஆனாலும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இளங்கோவன் எழுந்து நின்று உள்ளே எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"லட்சுமம்மா ரிப்போர்ட் வெளிய வரட்டும் டாக்டர்," என்றாள். "அப்புறம் நானே போன் போட்டுத் தரேன்."

டாக்டர் மணியைப் பார்த்தார். "சரி. சீக்கிரம் ஆகட்டும்."

"இனிட், ஸ்பேஸ், மூணு," என்றான் ரெமிஜியஸ், எதுவுமே நடக்காதது போன்ற குரலில்.

"அது என்ன செய்யும்?" என்றாள் பாமா.

"படம் காட்டற வேலையை நிறுத்தும். உங்க பழைய மானிட்டர் பெரிசு, வேகமா படம் வாங்கிக்கும். அந்த வேகத்தைத்தான் நான் உள்ள எழுதி வெச்சிருந்தேன். இது சின்னது, அவ்வளவு வேகம் தாங்காது. அதான் கண்ணை மூடிக்குது. வெறும் எழுத்துக்கு அவ்வளவு வேகம் வேணாம், அதான் அது மட்டும் தெரியுது. புதுசா வந்ததுக்கு ஏத்த மாதிரி நம்பரை மாத்தணும், அவ்வளவுதான்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததாலேயே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஏமாற்றுகிறவன் உளறவா செய்வான்?

"இப்போ அந்த வேகத்தை எழுதி வெச்ச ஃபைலை ஒரு காப்பி எடுத்துக்கலாம்..."

"என்ன காப்பி?" டாக்டர் பாய்ந்து வந்தார். "எதைக் காப்பி எடுக்கறே? எங்க போகுது அது?"

"எங்கயும் போகாது டாக்டர். இதே மிஷின்லதான் இருக்கும். நாம மாத்தறது தப்பாயிட்டா பழையபடி வெச்சுக்கறதுக்கு."

"வேண்டாம். காப்பியெல்லாம் வேண்டாம்."

"அக்கா, நீங்க சொல்லுங்க. தப்பாச்சுன்னா என்னைத்தானே சொல்வீங்க?"

பாமா யோசித்தாள். கெடுக்க நினைக்கிறவன் திரும்பிப் போக வழி வைத்துக்கொள்வானா? இல்லை, இப்படி யோசிக்க வைப்பதற்குத்தான் இதையும் சொல்கிறானா? கடைசியில் அவன் சொன்ன வரியை எழுத்தெழுத்தாகக் கேட்டு அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. கோடு மறுபடி கண்சிமிட்டியது.

ஃபைலைத் திறந்தார்கள். திரை முழுக்க வரிகள். அம்புக்குறியை அழுத்தி அழுத்திக் கீழே இறங்கி, மானிட்டர் என்று தலைப்புப் போட்டிருந்த இடத்துக்கு வந்தாள். எண்பத்தைந்து வரை என்று இருந்ததை அழிக்கச் சொன்னான். முப்பதிலிருந்து ஐம்பத்துநாலு வரை என்று எழுதச் சொன்னான். கீழே இன்னொரு வரியில் ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து. ஒவ்வொன்றையும் அவள் மூன்று தடவை வாய்விட்டுச் சொன்னாள். சேமித்தாள்.

"இப்போ ஸ்டார்ட்-எக்ஸ்."

திரை ஒரு தடவை இருண்டது. நீலத் திரை வரவில்லை. எழுத்துகள் மளமளவென்று வந்து விழுந்து, கடைசி வரிகளில் நின்றன. 'ஃபேட்டல் சர்வர் எர்ரர். நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்.'

ஃபேட்டல் என்ற சொல்லை டாக்டர் ரங்கநாதன் தன் தொழிலில் ஒரே அர்த்தத்தில்தான் பார்த்திருக்கிறார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"முடிச்சுட்டியா? எல்லாத்தையும் முடிச்சுட்டியா?"

"ஐயோ டாக்டர், அது சும்மா அப்படித்தான் சொல்லும்..." முதல் தடவையாக ரெமிஜியஸின் குரல் நடுங்கியது. கைகளைப் பிரித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான்.

"கிட்ட வராதே!"

அவன் நின்றுவிட்டான். நெற்றியில் வேர்த்திருந்தது. அந்த வேர்வையைப் பார்த்துக்கொண்டே பாமா, "சரியாத்தானே அடிச்சேன்," என்று முணுமுணுத்தாள்.

"ஃபைலை மறுபடி திறங்க அக்கா. அந்த முதல் வரியைப் படிங்க. இருக்கறதை இருக்கறபடி படிங்க."

"முப்பது... புள்ளி... ஐம்பத்துநாலு."

"புள்ளியா?"

"புள்ளிதான்."

"கோடு அக்கா! முப்பதிலிருந்து ஐம்பத்துநாலு வரைன்னா நடுவுல கோடு வரணும். புள்ளி வெச்சா முப்பது பாயிண்ட் ஐம்பத்துநாலுன்னு ஒரே நம்பரா எடுத்துக்கும். அந்த ஒரு நம்பருக்குப் படம் கிடையாது."

பாமாவின் காது சூடாயிற்று. புள்ளியை அழித்துக் கோடு போட்டாள். சேமித்தாள். அந்தக் கட்டளையை இந்தத் தடவை அவன் சொல்வதற்கு முன்பே அடித்தாள்.

இருட்டு. 'டிக்'. பிறகு நீலம் வந்தது. ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்பட்டு, எழுத்துகள் வழக்கத்தைவிடப் பெரிதாக, ஆனால் அதே திரை. லேப் மென்பொருளைத் திறந்து லட்சுமம்மா என்று தேடினாள். இருந்தது. அத்தனை பேரும் இருந்தார்கள். ஒருவர் பெயரும் காணாமல் போகவில்லை. பிரிண்டர் கரகரவென்று ஓட, தாளைக் கிழித்து, டாக்டர் கையெழுத்துப் போட்டதும், வெளியே போய் இளங்கோவனிடம் கொடுத்தாள். அவன் அதை மடிக்கக்கூட நேரமில்லாமல் ஓடினான்.

திரும்பி வந்தபோது டாக்டர் கதவைச் சாத்தினார்.

"இப்போ சொல்லு. ஞாயித்துக்கிழமை வந்து என்ன எடுத்துட்டுப் போனே?"

"எதையும் எடுத்துட்டுப் போகல. என் ரிப்போர்ட்டைப் பாத்தேன்."

"உன் ரிப்போர்ட்டா?"

"அந்தோணிசாமின்னு வேற பேர்ல ஒரு ஆள்கிட்ட சாம்பிளைக் கொடுத்தனுப்பியிருந்தேன், புது இடத்துல தெரிஞ்சா வேலை போயிடும்னு. ரத்தம் என்னோடது." அவன் டாக்டரைப் பார்க்காமல் பாமாவைப் பார்த்துச் சொன்னான். "உங்களுக்கு யாரும் சொல்லலையா அக்கா? நெட்வொர்க் வயர் மாட்டறதுக்கு ரத்தம் எடுக்கற மேஜைக்குப் பின்னாடி கை விட்டேன். அங்க வெச்சிருக்கற குப்பைப் பையில யூஸ் பண்ண ஊசி. கையில இறங்கிடுச்சு. யாருக்குப் போட்ட ஊசி, அவங்களுக்கு என்ன நோய்னு யாருக்குத் தெரியும்? டாக்டர்கிட்ட வந்து டெஸ்ட் எடுக்கணும்னேன். இந்த லேப்புல ஊசி குத்திச்சுன்னு வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் வரமாட்டான், வாயை மூடிட்டு இருன்னார். அதுக்குத்தான் சண்டை."

பாமா டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மறுப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பார்த்துக்கலாம்னுதான் சொன்னேன்," என்றார் கடைசியில்.

"முடிவு சனிக்கிழமை வந்திருக்கும்னு தெரியும். நேரா வந்து கேட்டா என்ன பேர் சொல்றது? அதான் ஞாயித்துக்கிழமை வந்தேன். கிருஷ்ணப்பாவைத் திட்டாதீங்க, நான் இன்னும் வேலையில இருக்கேன்னு நெனச்சுத் திறந்துவிட்டார். அன்னிக்கே பழைய மானிட்டர்ல படம் சுருங்கிச் சுருங்கி வந்துச்சு. தாங்காதுன்னு தெரிஞ்சுது. அதான் நீங்க கூப்பிட்டதும் கேட்டேன்."

"ரிப்போர்ட்ல..." என்றாள் பாமா.

"இப்போதைக்கு ஒண்ணுமில்ல. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தரம் பாக்கணும்." அவன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். "வீட்ல யாருக்கும் தெரியாது. இங்கயும் சொல்லாமத்தான் இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் நின்னு சொல்ல வெச்சுட்டீங்க."

அவன் வெளியே போய் ஸ்கூட்டரைக் கிளப்பினான். அவன் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று பாமா உள்ளுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ரிப்போர்ட்டைப் பார்க்க வந்தவன் லிஸ்ட்டையும் சேர்த்து எடுத்துப் போகவில்லை என்று யார் சொன்னது? கிளம்பிய சந்தேகம் அவ்வளவு சுலபமாக அடங்குகிறதாக இல்லை. ஆனால் டாக்டர் மறுக்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றாரே, அந்த நிற்பு அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஏழு வருஷமாக இவர் சொன்னதையெல்லாம் கேட்டுத் தலையாட்டியிருக்கிறோமே என்றிருந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது டாக்டர், "எதுக்கும் அந்தப் பாஸ்வேர்டை மாத்திடு பாமா," என்றார்.

"எப்படி மாத்தறதுன்னு அவனைத்தான் கேக்கணும் டாக்டர்," என்றாள் அவள். வேண்டுமென்றேதான் சொன்னாள். அவர் காரில் ஏறினார். பயன்படுத்திய ஊசிகளைப் போட ஒரு கெட்டியான டப்பா வாங்க வேண்டும் என்று மறுநாள் அவரிடம் சொன்னாள். பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமும் சொன்னாள். அதற்கடுத்த வாரம் பெஞ்சில் பேஷண்ட்டுகள் உட்கார்ந்திருக்கும்போது, எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னாள். அன்று மத்தியானமே டப்பா வந்தது.

மழை பிடித்த ஆகஸ்ட்டில், மூன்று மாசம் ஆகியிருக்கும் என்று தோன்றிய ஒரு நாள், டாக்டர் இல்லாத நேரமாகப் பார்த்து ரெமிஜியஸுக்குப் போன் செய்தாள்.

"ரெமி, நான் பாமா. அந்த இன்னொரு டெஸ்ட்... எடுத்தியா?"

"யாரு கேக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கேக்கறேன்."

"டாக்டர் பக்கத்துல இருக்காரா?"

"இல்லப்பா. சத்தியமா இல்ல."

அந்தப் பக்கம் வண்டிகளின் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. அவன் அவள் குரலை எடைபோட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்று அவன் சொன்ன ஒவ்வொரு எழுத்தையும் அவள் அப்படித்தான் எடைபோட்டாள்.

"எடுத்துட்டேன். ஒண்ணுமில்ல," என்றான் ரெமிஜியஸ்.

அவள் மேலே ஏதோ கேட்க வாயைத் திறப்பதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.